மோபி டிக் நிஜமா? பெயர் வாங்கிய திமிங்கலங்களின் கதை

ஹெர்மன் மெல்வில் எழுதிய மோபி டிக் நாவலில் வரும் வெள்ளைத் திமிங்கலம் உண்மையிலேயே இருந்ததா, ஒரு திமிங்கலம் கப்பலை முட்டி மூழ்கடிக்குமா என்பது கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சுலபம். மூழ்கடித்திருக்கிறது, அதுவும் பலமுறை. முதலாவதற்கும் ‘இருந்தது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் அது ஒரே ஒரு திமிங்கலமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் எப்படித் தொழில் செய்தார்கள், எதற்காகத் திமிங்கலங்களுக்குப் பெயர் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

சிலி நாட்டின் கரைக்கு அப்பால் மோச்சா என்றொரு சின்னத் தீவு. 1810ஆம் ஆண்டுக்கு முன்பே அதைச் சுற்றியுள்ள கடலில் ஒரு கிழட்டு ஆண் திமிங்கலம் வேட்டைப் படகுகளை நொறுக்கத் தொடங்கிவிட்டது என்று மாலுமிகள் சொன்னார்கள். தீவின் பெயரையும் தங்களில் ஒருவனுக்கு வைக்கிற பெயரையும் சேர்த்து அதை மோச்சா டிக் என்று அழைத்தார்கள். ஜெரமையா ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கர், நான்டக்கெட் என்ற அமெரிக்கத் துறைமுகத்து வேட்டைக் கப்பல் ஒன்றின் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) தனக்குச் சொன்னதாக இந்தக் கதையை 1839 மே மாதம் நியூயார்க்கின் ‘நிக்கர்பாக்கர்’ இதழில் எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான சாட்சியம் இதுதான்.

அதில் வருகிற மோச்சா டிக் கம்பளிபோல் வெள்ளை. தலை முழுக்கக் கொட்டலசு என்ற ஓடுள்ள சிற்றுயிர்கள் ஒட்டிக் கரடுமுரடாக இருக்கும். அது பெருந்தலை கொண்ட ஸ்பெர்ம் திமிங்கல இனம். அந்த இனத்தில் மற்றவை மூச்சை முன்பக்கமாகச் சாய்த்து ஊதும். இதுவோ நேர்மேலே பெரும் இரைச்சலோடு ஊதும். வம்புக்குப் போகாதவரை சாது, படகுகளுக்கு நடுவில் சோம்பலாக நீந்திப் போகும் என்கிறார் ரெனால்ட்ஸ். ஈட்டி மேலே பட்டால்தான் ஆட்டம் மாறும். கடைசியில் அந்த மேட் அதைக் கொன்றுவிடுகிறார். நீளம் 70 அடிக்கு மேல், எண்ணெய் 100 பீப்பாய், உடம்பில் பழைய ஈட்டிகள் இருபதுக்குக் குறையாமல் துருப்பிடித்துக் கிடந்தன. வேடிக்கை என்னவென்றால், இப்படி அச்சில் செத்துப்போன மோச்சா டிக் அதற்குப் பிறகும் கடலில் தென்பட்டுக்கொண்டே இருந்தது. 1840களிலும் அது படகை உடைத்தது, கப்பலைத் தாக்கியது என்று கதைகள் வந்தன. 1859இல் வேறொரு கப்பல் அதைக் கொன்றது என்றும் ஒரு கதை உண்டு. ஒன்று ரெனால்ட்ஸின் மேட் கதை விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் பல பேர் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளை நிறத்தைப் பற்றி மட்டும் அதிகம் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஸ்பெர்ம் திமிங்கலங்களில் நிறமி இல்லாமல் பிறப்பவை உண்டு. 2021இல்கூட ஜமைக்கா பக்கம் ஒரு கப்பலிலிருந்து அப்படி ஒன்றைப் படம் பிடித்தார்கள். வயதான ஆண்களின் தலையோ, மற்ற ஆண்களோடு போட்ட சண்டைகளில் பட்ட பல் தடங்களும் கணவாய்கள் கீறிய தழும்புகளும் சேர்ந்து வெளிறிப்போய்விடும். காலை வெயிலில் அரை மைல் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வெளிறியதும் வெள்ளைதான்.

இனி தொழில். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்ட் என்ற இரண்டு துறைமுகங்கள். அங்கிருந்து கிளம்பும் கப்பல் திரும்பி வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். தேடிப் போவது பெரும்பாலும் ஸ்பெர்ம் திமிங்கலத்தை. அதன் தலைக்குள் இருக்கும் மெழுகு போன்ற எண்ணெயில் செய்த மெழுகுவர்த்தி புகையில்லாமல் எரியும். உடம்புக் கொழுப்பை உருக்கிய எண்ணெய் விளக்குக்கும் இயந்திரத்துக்கும் போகும். நம்மூர்ச் செய்தித்தாள்களில் ‘அம்பர்கிரீஸ் கடத்தல், மூவர் கைது’ என்று அடிக்கடி வருகிறதே, அந்த அம்பரும் இதே விலங்கின் குடலிலிருந்து வருவதுதான்.

திமிங்கலம் தென்பட்டதும் கப்பலிலிருந்து படகுகளை இறக்குவார்கள். ஒரு படகுக்கு ஆறு பேர். அணியத்தில், அதாவது முன்முனையில், ஈட்டிக்காரன், பின்னால் திசைத் துடுப்போடு மேட். முதலில் எறிகிற ஈட்டி கொல்வதற்கானது அல்ல, பிணைப்பதற்கானது. அதன் கயிறு படகில் தொட்டிகளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். குத்துப்பட்ட திமிங்கலம் பாயும்போது கயிறு பின்பக்கக் கட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடும்; உராய்வில் புகை வரும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கயிற்றுச் சுருளில் யாருடைய கையாவது மாட்டினால் ஆளே போய்விடுவான். திமிங்கலம் படகை இழுத்துக்கொண்டு ஓடும் அந்த நேரத்தில்தான் ஈட்டிக்காரனும் மேட்டும் தட்டுத்தடுமாறி இடம் மாறிக்கொள்வார்கள், ஏனென்றால் கொல்லும் வேல் மேட்டின் உரிமை. திமிங்கலம் களைத்துப்போனதும் நெருங்கிப் போய் நுரையீரலில் குத்துவார்கள். ஊதும் மூச்சில் ரத்தம் தெறித்தால் வேலை முடிந்தது. ஆடிக்கொண்டு ஓடும் படகில் இடம் மாறுகிற இந்தச் சடங்கு எனக்கு இன்றுவரை விளங்காத பைத்தியக்காரத்தனம். அந்தக் காலத்திலேயே இதைக் கேலி செய்தவர்கள் உண்டு.

பெரும்பாலான திமிங்கலங்கள் சண்டை போடாமல் செத்தன. அதனால்தான் சண்டை போட்டவை நினைவில் நின்றன. அந்த நினைவு கப்பலுக்குக் கப்பல் பரவ இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நடுக்கடலில் இரண்டு வேட்டைக் கப்பல்கள் சந்தித்தால் பாயைத் தளர்த்தி நிறுத்திவிட்டு, ஒரு கப்பல்காரர்கள் மற்றதற்குப் போய் மணிக்கணக்கில் பேசும் வழக்கம். கடிதம் கைமாறும், ஊர்ச் செய்தி கைமாறும், எந்தக் கடலில் எந்தப் பொல்லாத கிழவன் திரிகிறான் என்பதும் கைமாறும். இரண்டாவது, ஈட்டிகளில் அந்தந்தக் கப்பலின் அடையாளத்தைப் பொறித்து வைப்பார்கள். செத்த திமிங்கலம் யாருடையது என்று வழக்கு வந்தால் அதுதான் சாட்சி. ஆகவே ஒரு திமிங்கலத்தை அறுக்கும்போது உள்ளே வேறு கப்பலின் இரும்பு கிடைத்தால், ‘அன்றைக்கு அவர்களிடமிருந்து தப்பியது இதுதான்’ என்று கதை முழுமையாகிவிடும். இரும்பு அவ்வளவு காலம் உடம்பில் தங்குமா என்று கேட்கலாம். 2007இல் அலாஸ்காவில் பிடிபட்ட ஒரு போஹெட் திமிங்கலத்தின் உடம்பில் நியூ பெட்ஃபோர்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த வெடிமருந்து ஈட்டியின் துண்டு இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது.

டிமோர் ஜாக், நியூசிலாந்து டாம் ஆகிய இரண்டு பெயர்களும் இப்படி உருவானவைதான். இங்கிலாந்து வேட்டைக் கப்பல்களில் மருத்துவராகப் போன தாமஸ் பீல் ஸ்பெர்ம் திமிங்கலம் பற்றி எழுதிய புத்தகத்தில் இருவரும் வருகிறார்கள். டிமோர் ஜாக் தன்மேல் ஏவப்பட்ட படகையெல்லாம் உடைத்துப் போட்டானாம். கடைசியில் ஈட்டிக் கயிற்றின் நுனியில் ஒரு பீப்பாயைக் கட்டிவிட்டு, பல படகுகள் சேர்ந்து கவனத்தைச் சிதறடித்துத்தான் அவனைக் கொல்ல முடிந்தது. முதுகில் வெள்ளைத் திமிலோடு இருந்த நியூசிலாந்து டாம் இன்னும் பெரிய ஆள். 1804இல் ‘அடோனிஸ்’ என்ற கப்பலும் கூட வந்த கப்பல்களும் அவனைத் தாக்கப்போய், காலை உணவு நேரத்துக்குள் ஒன்பது படகுகளை இழந்தன. பிற்பாடு அவன் பிடிபட்டபோது பல கப்பல்களின் ஈட்டிகள் உடம்பில் இருந்தன. மெல்வில், மோபி டிக் நாவலின் நடுவில் வழக்கறிஞர் போல வந்து சாட்சி அடுக்கும் ஓர் அத்தியாயத்தில் இவர்களையும் கூப்பிடுகிறார். அதில் நியூசிலாந்துக்காரனை ஓரிடத்தில் ஜாக் என்றும் இன்னோரிடத்தில் டாம் என்றும் எழுதுகிறார். எழுதி அச்சான புத்தகத்திலேயே இந்தக் குழப்பம் என்றால், வாய்வழியாக வந்த பெயர்கள் என்ன பாடு பட்டிருக்கும்!

கப்பல் மூழ்கியதற்குக் கதை தேவையில்லை, ஆவணமே இருக்கிறது. ‘எசெக்ஸ்’, நான்டக்கெட் கப்பல், 238 டன். கேப்டன் ஜார்ஜ் போலார்ட், முதல் மேட் ஓவன் சேஸ். 1820 நவம்பர் 20 அன்று பசிபிக்கின் நட்டநடுவில், தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 2,000 கடல் மைல் மேற்கே, அவர்கள் ஒரு கூட்டத்தை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு திமிங்கலம் வாலால் அடித்துச் சேஸின் படகில் ஓட்டை போட்டதால் அவர் கப்பலுக்குத் திரும்பி, அதைப் பழுதுபார்க்க ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பெரிய ஆண் திமிங்கலம் கப்பலை நோக்கி வேகமாக வந்து முட்டியது. முட்டிவிட்டு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்து, மயங்கினாற்போல் கப்பலின் ஓரமாகவே கிடந்தது. சேஸ் அதை வேலால் குத்தியிருக்கலாம். வால் சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்ததால், துள்ளினால் சுக்கான் போய்விடுமே என்று விட்டுவிட்டார். சற்று நேரத்தில் அது முன்பக்கமாகப் போய்த் திரும்பி, முன்னைவிட இரட்டிப்பு வேகத்தில் வந்து அணியத்தை நொறுக்கியது. தூரத்திலிருந்து படகில் வந்து சேர்ந்த கேப்டன், ‘கடவுளே, என்ன ஆயிற்று மிஸ்டர் சேஸ்?’ என்று கேட்டார். ‘ஒரு திமிங்கலம் நம்மை உடைத்துவிட்டது’ என்றார் சேஸ்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. இருபது பேர், மூன்று படகுகள். மேற்கே இருந்த தீவுகளுக்குக் காற்றோடு போயிருந்தால் சில வாரங்களில் கரை சேர்ந்திருக்கலாம். அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து, காற்றுக்கு எதிராகச் சுற்றிக்கொண்டு தென் அமெரிக்காவை நோக்கிப் போனார்கள். மூன்று மாதம். கடைசியில் செத்தவர்களை அவர்களே தின்றார்கள். போலார்டின் படகில் சீட்டுக் குலுக்கிப்போட்டு, கேப்டனின் ஒன்றுவிட்ட தம்பியான ஓவன் காஃபின் என்ற இளைஞனைச் சுட்டார்கள். நடுவழியில் ஹெண்டர்சன் தீவிலேயே தங்கிவிட்ட மூவரையும் சேர்த்து, பிழைத்தவர்கள் எட்டே பேர். சேஸ் 1821இலேயே தன் அனுபவத்தைப் புத்தகமாக்கினார். இருபது ஆண்டு கழித்து வேட்டைக் கப்பலில் வேலைக்குப் போன மெல்வில், கடலில் வேறொரு கப்பலைச் சந்தித்தபோது சேஸின் மகனைப் பார்க்க, அந்தப் பையன் அப்பாவின் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தான். மேலே சொன்ன நடுக்கடல் அரட்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. போலார்டுக்குத்தான் விதி விடவில்லை. அடுத்துத் தலைமை ஏற்ற ‘டூ பிரதர்ஸ்’ கப்பலும் 1823இல் ஹவாய்ப் பக்கத்துப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. அதன்பின் எந்த வேட்டைக் கப்பலுக்கும் அவர் தலைமை ஏற்கவில்லை, நான்டக்கெட்டில் இரவுக் காவல்காரராக வாழ்ந்தார்.

தன்னைத் தாக்கிய திமிங்கலத்துக்குச் சேஸ் சொன்ன நீளம் 85 அடி. இதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் முதிர்ந்த ஆண் பொதுவாக 50, 52 அடி, எடை 40 டன்னுக்கு மேல். ஆனால் அதற்காக அவர் சொன்ன மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அந்த விலங்கின் தலை மட்டுமே உடம்பில் மூன்றில் ஒரு பங்கு. மண்டையோட்டுக்கு முன்னால் எண்ணெய்ப் பை ஒன்றும், அதன் கீழே நாரிழைச் சுவர்களால் தடுத்த கொழுப்புத் திசு ஒன்றும் இருக்கின்றன. ஆண்கள் ஒன்றையொன்று முட்டிச் சண்டை போடுவதற்கு இந்த அமைப்பு ஏற்றது, கீழ்த்திசு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் என்று உயிரியலாளர்கள் சிலர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இந்தத் தலையின் முதல் வேலை சண்டை அல்ல, ஒலி எழுப்பி இரை தேடுவதுதான். இன்னொரு ஊகமும் உண்டு: சேஸ் அடித்த சுத்தியல் சத்தம் மரத்தின் வழியாகத் தண்ணீரில் பரவி, வேறோர் ஆண் எழுப்பும் ‘டக் டக்’ ஒலியாக அதன் காதில் விழுந்திருக்கலாம் என்பது. நிரூபிக்க முடியாது; ஆனாலும் ‘பழிவாங்க வந்தது’ என்பதைவிட எனக்கு இது நம்பத்தகுந்ததாகத் தெரிகிறது. சேஸோ, அது திட்டமிட்டே கெடுதல் செய்தது என்று கடைசிவரை நம்பினார்.

எசெக்ஸ் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 1851 ஆகஸ்ட் 20 அன்று நியூ பெட்ஃபோர்டின் ‘ஆன் அலெக்ஸாண்டர்’ கப்பல் பசிபிக்கில் இதே கதிக்கு ஆளானது. திமிங்கலம் முதலில் இரண்டு படகுகளைக் கடித்து நொறுக்கிவிட்டு, பிறகு கப்பலின் நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை போட்டது. கேப்டன் டெப்ளாய்ஸும் மாலுமிகளும் இரண்டு நாளில் வேறொரு கப்பலால் காப்பாற்றப்பட்டார்கள். அந்தச் செய்தி ஊர் வந்து சேர்ந்தபோது மோபி டிக் அச்சிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. என்னுடைய தீய கலைதான் இந்த அரக்கனை எழுப்பிவிட்டதோ என்று மெல்வில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். சில மாதம் கழித்து ‘ரெபெக்கா சிம்ஸ்’ என்ற கப்பல் ஒரு நோயுற்ற திமிங்கலத்தைக் கொன்றபோது, தலையில் மரச்சிராய்களும் உடம்பில் ஆன் அலெக்ஸாண்டரின் ஈட்டிகளும் இருந்தனவாம். 1902இல் அட்லாண்டிக்கில் ‘கேத்லீன்’ என்ற கப்பலும் இப்படியே போனது. அதற்குள் மண்ணெண்ணெய் வந்து இந்தத் தொழிலே படுத்துவிட்டிருந்தது.

இப்போது முதலில் சொன்ன சந்தேகத்துக்கு வருகிறேன். அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் நாள்தோறும் எழுதிய குறிப்பேடுகள் ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. வட பசிபிக் பற்றிய குறிப்புகளை ஹால் வைட்ஹெட், டிம் ஸ்மித், லூக் ரெண்டெல் ஆகிய மூவர் ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பகுதியில் வேட்டை தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, கண்ணில் பட்ட திமிங்கலங்களில் ஈட்டி பாய்ந்தவற்றின் விகிதம் 58 சதவீதம் குறைந்துவிட்டது. எண்ணிக்கை குறைந்தது இதற்குக் காரணம் அல்ல, திறமையான கப்பல்கள் முதலில் வந்துபோயின என்பதும் அல்ல. திமிங்கலங்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்பதே அவர்கள் முடிவு. கொலைத் திமிங்கலம் எனப்படும் ஓர்க்காக்கள் தாக்கினால் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் ஓடாமல் கூடி வட்டமாக நின்று எதிர்க்கும். ஈட்டிக்காரனுக்கு அப்படி நின்று கொடுப்பதுபோல் வசதி வேறில்லை. பட்டவற்றிடமிருந்து படாதவையும் கற்றுக்கொண்டு, வேறு உத்திகளுக்கு மாறின. பாய்க்கப்பல் துரத்த முடியாதபடி காற்றுக்கு எதிராக நீந்தின. ஆக, தனியொரு மேதாவித் திமிங்கலம் முப்பது வருஷம் போரிட்டது என்பதைவிட, பசிபிக் முழுக்க மனிதனிடம் எச்சரிக்கையாகிவிட்ட பல திமிங்கலங்கள் இருந்தன என்பதே பொருந்துகிறது. அவற்றில் கொஞ்சம் வெளிறிய, சண்டைக்கார ஆண்கள் செய்ததெல்லாம் மோச்சா டிக் கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எழுதுவது மிகப் பழைய பழக்கம். 6ஆம் நூற்றாண்டில், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் ஆட்சியில், கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) கடலில் போர்ஃபிரியோஸ் என்ற திமிங்கலம் ஐம்பது ஆண்டுகளாகக் கப்பல்களைத் தொல்லை செய்தது என்று வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். இடையிடையே நீண்ட காலம் காணாமல் போய்விடுமாம். பேரரசரே ஆசைப்பட்டும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஓங்கில்களைத் துரத்திக்கொண்டு கருங்கடல் கரையருகே வந்து சேற்றில் சிக்கியது. ஊர்க்காரர்கள் கோடரியால் வெட்டியும் அது சாகாததால், கயிறு கட்டி இழுத்து வண்டிகளில் ஏற்றினார்கள். நீளம் முப்பது முழம். சிலர் அங்கேயே தின்றார்கள், சிலர் பங்கு எடுத்துப் பதப்படுத்தி வைத்தார்கள். ஐம்பது ஆண்டு, இடையில் நீண்ட இடைவெளி என்று அவர் சொல்வதிலேயே அது ஒன்றல்ல என்பதற்கான இடம் இருக்கிறது. முதுகில் மாலுமிகள் இறங்கி அடுப்பு மூட்ட, ‘தீவு’ அசைந்து மூழ்கும் கதைகள் வேறு வகை. அயர்லாந்தின் புனித பிரெண்டன் கதையிலும் சிந்துபாத் கதையிலும் அது வருகிறது. அவை கேட்கச் சுவையானவை, ஆனால் அவற்றுக்குப் பின்னால் தேட வேண்டிய விலங்கு எதுவும் இல்லை.

எல்லாப் பெயரும் பகையில் வந்ததல்ல என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் ஊர் ஓல்டு டாம் சாட்சி. இது ஓர்க்கா. டூஃபோல்ட் விரிகுடாவில் ஓர்க்காக் கூட்டம், பல்லுக்குப் பதில் இரையை வடிகட்டும் தட்டுகள் கொண்ட பெரிய பலீன் திமிங்கலங்களை வளைத்துக்கொண்டு வரும். ஒன்று, பெரும்பாலும் டாம், ஆற்று முகத்துக்கு வந்து வாலால் தண்ணீரை அறைந்து டேவிட்சன் குடும்பத்து வேட்டைக்காரர்களை எழுப்பும். படகில் துடுப்புப் போட்டவர்களில் யூயின் பழங்குடியினர் பலர் இருந்தார்கள். ஓர்க்காக்களைத் தங்கள் முன்னோர்களாகவே கருதியவர்கள் அவர்கள். செத்த திமிங்கலத்தை உடனே இழுத்துப் போகாமல் நங்கூரமிட்டு விட்டுவிட வேண்டும். நாக்கும் உதடும் ஓர்க்காக்களின் பங்கு, மிச்சம் மனிதர்களுக்கு. ‘நாக்குச் சட்டம்’ என்றே இதற்குப் பெயர். 1930 செப்டம்பரில் டாம் செத்து மிதந்தது. எலும்புக்கூடு அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பக்கப் பற்கள் தேய்ந்திருப்பது வேட்டைக் கயிற்றைக் கடித்து இழுத்ததால் என்று காட்டுகிறார்கள். மூன்று தலைமுறை மனிதர்களோடு வேட்டையாடியது டாம் என்பது ஊர் நம்பிக்கை. பல்லை அறுத்து வயது பார்த்தவர்கள் ஏறத்தாழ 35 என்றார்கள். இங்கேயும் ஒரு பெயரை ஒன்றுக்கு மேற்பட்டவை சுமந்திருக்கலாம்.

இது முடிந்துபோன வழக்கமும் அல்ல. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓர்க்காக்கள் பாய்ப்படகுகளின் சுக்கானை முட்டி உடைத்து வருகின்றன. சில படகுகள் மூழ்கியும் விட்டன. ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக வைத்த பெயர்களில் ஒன்று ‘வெள்ளை கிளாடிஸ்’. உடனே உலகமெங்கும் செய்தி: படகில் அடிபட்ட ஒரு தாய் ஓர்க்கா பழிவாங்குகிறது, மற்றவற்றுக்கும் கற்றுக்கொடுக்கிறது. அவற்றைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. சுக்கானைத் தொடுபவற்றில் நிறைய இளசுகள், அசைகிற பொருளோடு விளையாடுகின்றன, ஒன்றைப் பார்த்து ஒன்று செய்கிறது என்கிறார்கள். சுக்கான் உடைந்ததும் பெரும்பாலும் அவை ஆர்வம் இழந்து போய்விடுகின்றன. உள்ளே இருக்கிற மனிதர்களை அவை கண்டுகொள்வதில்லை.